விட்டுப்போன சொல் எங்கே?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போது ஆங்கிலம் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுகிறதே, விழுங்கியது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நியாயமான கேள்வி. இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரு குறிப்பு: கீழே மேற்கோள் குறிக்குள் ‘தேன்’ என்று வருவதெல்லாம் ஆங்கிலத்தின் ஒப்புமைச் சொல். இனிக்காது.

கேள்வி: ‘ஷி இஸ் டாலர் தேன் ஐ’ சரியா, ‘தேன் மீ’ சரியா? கல்லூரியில் ஒன்று சொல்கிறார்கள், டியூஷனில் இன்னொன்று சொல்கிறார்கள்.
— கல்லூரி மாணவி, வீலர் ரோடு

இரண்டும் சரி. இரண்டு ஆசிரியர்களுக்கும் பின்னால் ஒரு பெரிய கட்சி நிற்கிறது. சண்டைக்கு வயது 250-க்கு மேல்.

1762-இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். அவர் கட்சி இது: ‘தேன்’ ஓர் இணைப்புச் சொல். அதற்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. ‘தேன் ஐ’ என்றால் ‘தேன் ஐ ஆம்’. எழுவாயை வைத்துக்கொண்டு பயனிலையை மட்டும் விட்டுவிட்டோம். எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் ‘மீ’ எப்படி வரும்? வாதம் பலமானது. அதனால்தான் இன்று வரை பள்ளிப் புத்தகங்களில் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்க்கட்சிக்கும் ஆள் உண்டு. அதே காலத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1761-இல் ஓர் இலக்கணம் எழுதினார். ஆமாம், ஆக்சிஜன் ஆராய்ச்சியில் உங்கள் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் வரும் அதே பிரீஸ்ட்லிதான். மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அந்த வழக்குதான் மொழிக்கு நீதிபதி என்பது அவருடைய நிலை. அந்த நிலையிலிருந்து பார்த்தால் ‘தேன் மீ’ தலைமுறை தலைமுறையாக வாயில் வழங்குவது. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. 2002-இல் ஹடல்ஸ்டனும் புல்லமும் சேர்ந்து கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் ‘தேன்’ என்பதை ‘டு’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச் சொற்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்டது. ‘ஃபார் மீ’ என்கிறோம், ‘ஃபார் ஐ’ என்பதில்லை. அது போலத்தான் இதுவும்.

என் தீர்ப்பு: பேச்சில் ‘தேன் மீ’. எழுத்தில் சந்தேகம் வந்தால் ‘தேன் ஐ ஆம்’ என்று வினையையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு கட்சியும் வாயைத் திறக்காது.

கேள்வி: விழுங்கிய சொல்லைக் கண்டுபிடிக்க ஏதாவது சூத்திரம் உண்டா சார்?
— பி.யு.சி. மாணவர், ஜீவனஹள்ளி

உண்டு தம்பி. உங்கள் தமிழ்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. ‘மலர்முகம்’ உவமைத்தொகை. ‘போன்ற’ தொக்கி நிற்கிறது. விரித்தால் ‘மலர் போன்ற முகம்’. ஆங்கில ஒப்புமையிலும் செய்ய வேண்டியது அதே வேலை: தொகையை விரி. ஒரே நிபந்தனை, விட்டுப்போன சொல் வாக்கியத்தின் முன்பாதியிலிருந்தே கிடைக்க வேண்டும். வெளியிலிருந்து கடன் வாங்கக் கூடாது.

நம் பெங்களூருப் பேட்டைகளை வைத்தே பாருங்கள்: ‘காக்ஸ் டவுன் இஸ் க்வைட்டர் தேன் ஃப்ரேசர் டவுன்.’ முன்பாதியில் ‘இஸ்’ இருக்கிறது. அதை எடுத்துப் பின்பாதியில் வை. ‘தேன் ஃப்ரேசர் டவுன் இஸ்.’ முடிந்தது. அந்த ‘இஸ்’ஸுக்குப் பின்னாலும் இன்னொன்று மறைந்திருக்கிறது: ‘க்வைட்’. அதை மட்டும் வெளியே கொண்டுவர ஆங்கிலம் சம்மதிப்பதில்லை. ஒரே பண்பை ஒப்பிடும்போது இரண்டாவது முறை அதைச் சொல்லவே கூடாது. பண்பு வேறாக இருந்தால் மட்டும் சொல்லியாக வேண்டும். வீடு மாற்றும்போது பீரோவைப் படுக்க வைத்து உள்ளே தள்ளப் பார்த்துவிட்டு, ‘தி பீரோ இஸ் டாலர் தேன் தி டோர் இஸ் வைட்’ என்பார்கள். பீரோவின் உயரமும் கதவின் அகலமும் மோதுகின்றன. இங்கே ‘வைட்’டை விழுங்கினால் கதவின் உயரத்தை அளப்பதாகிவிடும். இப்படி எது கட்டாயம் மறைய வேண்டும், எது மறையக் கூடாது என்பதை 1973-இல் ஜோன் பிரெஸ்னன் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு நீண்ட கட்டுரையில் அலசினார். ஒப்புமை வாக்கியத்தைத் தொடும் மொழியியல் மாணவர்கள் இன்றும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ‘காக்ஸ் டவுன் இஸ் க்ளோசர் டு ஃப்ரேசர் டவுன் தேன் ஒயிட்ஃபீல்ட்.’ விரித்துப் பாருங்கள். ‘தேன் ஒயிட்ஃபீல்ட் இஸ்’ என்று விரித்தால், ஃப்ரேசர் டவுனுக்கு ஒயிட்ஃபீல்டை விடக் காக்ஸ் டவுன் பக்கம். ‘தேன் டு ஒயிட்ஃபீல்ட்’ என்று விரித்தால், காக்ஸ் டவுனுக்கு ஃப்ரேசர் டவுன் பக்கம், ஒயிட்ஃபீல்ட் தூரம். வாக்கியம் ஒன்று, பொருள் இரண்டு. இரண்டும் உண்மை என்பதால் இந்த வாக்கியத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆபத்து எப்போது என்றால், ஒன்று உண்மையாகவும் மற்றது பொய்யாகவும் இருக்கும்போது.

கேள்வி: ‘மை ஹஸ்பெண்ட் லவ்ஸ் ஹிஸ் மதர் மோர் தேன் மீ’ என்று எழுதினால் வீட்டில் சண்டை வருமா?
— இல்லத்தரசி, அல்சூர்

வரலாம் அம்மா, அந்த ‘மீ’யால். அதைக் கேட்பவர் பெரும்பாலும் ‘தேன் ஹி லவ்ஸ் மீ’ என்றுதான் விரிப்பார். உங்கள் கணவருக்கு அம்மாவா, மனைவியா என்ற போட்டி வந்துவிடும். நீங்கள் சொல்ல நினைத்தது ‘அத்தை மேல் எனக்கு இருப்பதைவிட அவருக்குப் பாசம் அதிகம்’ என்பதானால், ‘மோர் தேன் ஐ டூ’ என்று எழுதுங்கள். இரண்டெழுத்து வினை ஒன்று குடும்பத்தைக் காப்பாற்றும். லௌத்தின் விதியைப் பேச்சில் விட்டுவிடலாம் என்று மேலே சொன்னேன். இந்த மாதிரி வாக்கியத்தில் மட்டும் விட முடியாது. முன்பாதியில் எழுவாயும் செயப்படுபொருளும் இரண்டும் மனிதர்களாக இருந்தால், ‘ஐ’யும் ‘மீ’யும் வேறு வேறு கதை சொல்லும்.

தமிழில் எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ‘அவர் என்னை விட அத்தையை அதிகம் நேசிக்கிறார்’ என்பதிலும் அதே சிக்கல்தான். ‘விட’ என்பதற்கு முன்னால் எப்போதும் ‘ஐ’ உருபு வந்தாக வேண்டும். அதனால் ‘என்னை’ என்பது நேசிக்கும் ‘நானா’, நேசிக்கப்படும் ‘என்னையா’ என்று தெரியாது. ‘காட்டிலும்’ போட்டாலும் இதே கதி. ஆங்கிலத்துக்காவது ‘ஐ’, ‘மீ’ என்று இரண்டு வடிவம் கையில் இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. ‘நான் நேசிப்பதை விட’ என்று வினையை வெளியே கொண்டுவருவதுதான் வழி.

பழைய தமிழில் இதைவிடப் பெரிய மயக்கம் ஒன்று இருந்தது. ஐந்தாம் வேற்றுமையின் ‘இன்’ உருபு, ஒன்றைப் போல என்பதற்கும் வரும், ஒன்றை விட என்பதற்கும் வரும். நன்னூல் உரைகளில் காக்கையையும் களாப்பழத்தையும் வைத்து இதை விளக்குவார்கள். பழம் காக்கையைப் போலக் கருப்பா, காக்கையை விடக் கருப்பா? உருபு சொல்லாது, இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். முதலாவதை ஒப்புப்பொருவு என்றும் இரண்டாவதை உறழ்பொருவு என்றும் பெயரிட்டுப் பிரித்து வைத்த நம் இலக்கணக்காரர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்து இங்கே குடியேறியவன் நான். ‘தி க்ளைமேட் ஆஃப் பெங்களூரு இஸ் பெட்டர் தேன் சென்னை’ என்று எழுதினேன். பேத்தி தப்பு என்கிறாள். என்ன தப்பு?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காக்ஸ் டவுன்

பேத்தி கெட்டிக்காரி. நீங்கள் பெங்களூரின் தட்பவெப்பத்தை எடுத்துச் சென்னை என்ற ஊரோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். ஒரு பக்கம் காற்றும் வெயிலும். மறு பக்கம் மெரினா, சென்ட்ரல், மயிலாப்பூர் எல்லாம் சேர்ந்த மாநகரம். ‘தேன் தட் ஆஃப் சென்னை’ அல்லது ‘தேன் சென்னைஸ்’ என்று எழுதினால் தட்பவெப்பத்தோடு தட்பவெப்பம் நிற்கும்.

தமிழில் ‘பெங்களூர் வெயில் சென்னையை விடப் பரவாயில்லை’ என்று பேசுகிறோம். யாரும் திருத்துவதில்லை. கேட்பவர் தாமே ‘சென்னை வெயிலை’ என்று நிரப்பிக்கொள்கிறார். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. பேச்சில் ஆங்கிலேயரும் இதையே செய்கிறார்கள் என்பதைப் பேத்தியிடம் சொல்லுங்கள். ஆனால் தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அவள் பக்கம்தான் ஜெயிக்கும்.

விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னை கடலோரம். அந்த உயரம்தான் மே மாதத்திலும் இங்கே இரவில் கொஞ்சம் தூங்க விடுகிறது.

கேள்வி: ‘பெங்களூரு இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் கர்நாடகா.’ உண்மைதானே?
— ஆட்டோ ஓட்டுநர், மாருதி சேவா நகர்

அண்ணே, பெங்களூரும் கர்நாடகத்தில்தான் இருக்கிறது. தன்னைவிடத் தானே பெரிதாக எந்த ஊராலும் இருக்க முடியாது. ‘எனி அதர் சிட்டி’ என்று எழுதுங்கள். சென்னையோடு ஒப்பிட்டு ‘சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் கர்நாடகா’ என்று ஒருவர் எழுதினால் அங்கே ‘அதர்’ வேண்டாம். சென்னை அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்த வாக்கியத்தின் இலக்கணம் சரி, தகவல்தான் தப்பு.

கேள்வி: ‘ஹி இஸ் எல்டர் டு மீ’ என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். தப்பா?
— மருந்துக்கடை உரிமையாளர், லிங்கராஜபுரம்

இந்தியா முழுக்கச் சொல்கிறோம். ஆனால் பொது ஆங்கிலத்தில் ‘ஓல்டர் தேன் மீ’ என்பதுதான் வழக்கு. ‘எல்டர்’ என்பதைப் பெயருக்கு முன்னால் மட்டும் வைப்பார்கள்: ‘மை எல்டர் பிரதர்’.

பிறகு நமக்கு ‘டு’ எங்கிருந்து வந்தது? தமிழைப் பொறுத்தவரை நான் கைகாட்டுவது நம் நான்காம் வேற்றுமையை. ‘அவர் எனக்கு மூத்தவர்’, ‘இவன் உனக்கு இளையவன்’. வயதையும் பதவியையும் ஒப்பிடும்போது ‘விட’ இல்லாமல் ‘கு’ உருபு போடுவது நம் வழக்கம். அதையே ஆங்கிலத்தில் வைத்தால் ‘டு மீ’. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவற்றுக்கு ஆங்கிலத்திலும் ‘டு’தான். ‘அவர் எனக்கு சீனியர்’ என்று நினைத்து ‘ஹி இஸ் சீனியர் டு மீ’ என்று எழுதும் தமிழர் முதல் முயற்சியிலேயே ஜெயிக்கிறார். ‘ப்ரிஃபர்’ என்ற வினைக்கும் ‘டு’: ‘ஐ ப்ரிஃபர் காபி டு டீ’. ‘தேன் டீ’ என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ஆபீஸ் மெயிலில் ‘ஏர்லியர் தேன் எக்ஸ்பெக்டட்’, ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்று எழுதுகிறோம். ‘எக்ஸ்பெக்டட்’டுக்கு எழுவாய் எங்கே?
— மென்பொருள் ஊழியர், மாரத்தஹள்ளி

எழுவாயும் இல்லை, துணைவினையும் இல்லை. ‘தேன் வாஸ் எக்ஸ்பெக்டட்’ என்பதன் சுருக்கம் அது. அந்த விரிவிலும் எழுவாய் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? கட்டளையை விட்டால், ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நகராது. மழை பெய்தால்கூட ‘இட்’ போட்டாக வேண்டும். ஒப்புமைக்கு மட்டும் இந்தச் சலுகை. ‘தேன் இஸ் நெசசரி’, ‘ஆஸ் வாஸ் அக்ரீட்’ எல்லாம் எழுவாய் இல்லாமலே நிற்கும். நம் ஊரில் பலர் அங்கே ஒரு ‘வாட்’ செருகி ‘தேன் வாட் இஸ் நெசசரி’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்த நாற்காலி காலியாக இருப்பதுதான் அங்கே முறை.

‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ இன்னும் குறுக்கம்: ‘ஆஸ் சூன் ஆஸ் இட் இஸ் பாசிபிள்’. இலக்கணம் சுத்தம். எனக்குள்ள குறை அதன் அர்த்தத்தில். யாருக்குப் பாசிபிள்? அனுப்புகிறவருக்கு நாளைக் காலை. பெறுகிறவருக்கு அடுத்த வாரம். விட்டுப்போன இடத்தை ஆளுக்கொரு விதமாக நிரப்பினால் வேலை கெடும். தேதி தெரிந்தால் தேதியை எழுதுங்கள்.

கேள்வி: வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ‘நாட் லேட்டர் தேன் தி ஃபிஃப்த்’ என்று இருக்கிறது. 5-ஆம் தேதி கொடுத்தால் தாமதமா?
— வாடகைதாரர், காக்ஸ் டவுன்

இல்லை. ‘ஐந்தாம் தேதிக்குப் பிந்தாமல்’ என்றால் 5-ஆம் தேதியும் உள்ளேதான். ‘பிஃபோர் தி ஃபிஃப்த்’ என்று இருந்திருந்தால் 4-ஆம் தேதியோடு கதவு சாத்தியாயிற்று. அதே ஒப்பந்தத்தில் ‘நாட் லெஸ் தேன் டூ மன்த்ஸ் நோட்டீஸ்’ என்று இருந்தால் சரியாக இரண்டு மாதமும் போதும், அதற்கு மேலும் கொடுக்கலாம். ‘மோர் தேன் டூ மன்த்ஸ்’ என்று இருந்தால் இரண்டு மாதம் போதாது, ஒரு நாளாவது கூட வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ‘நாட்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: ‘தி மோர் தி மெரியர்’ — இதில் வினையே இல்லையே?
— பள்ளி மாணவி, ஃப்ரேசர் டவுன்

வேண்டாம் கண்ணு. ‘எவ்வளவு கூட்டமோ அவ்வளவு குஷி’ என்கிறோமே, அதிலும் வினை இல்லை. ஜான் ஹேவுட் 1546-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. அந்த ‘தி’ நமக்குத் தெரிந்த சாதாரண ‘தி’ அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘அந்த அளவால்’ என்ற பொருளில் வந்த வேற்றுமை வடிவம் தேய்ந்து இப்படி ஆயிற்று. நம் ‘எவ்வளவு–அவ்வளவு’ ஜோடிக்குச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்.

கேள்வி: ‘மோர் பீப்பிள் ஹேவ் பீன் டு மைசூர் தேன் ஐ ஹேவ்’ என்று நண்பன் எழுதி, அர்த்தம் சொல் பார்க்கலாம் என்கிறான். சரியாகத்தானே இருக்கிறது?
— பட்டதாரி இளைஞர், ஜீவனஹள்ளி

மறுபடி படியுங்கள். விரித்துப் பாருங்கள்.

விரியவில்லை, இல்லையா? முன்பாதி மைசூர் போன ஆட்களின் எண்ணிக்கையைப் பேசுகிறது. பின்பாதியில் ஆட்கள் கூட்டமே இல்லை, ‘நான்’ ஒருவன்தான். எத்தனை பேரை விட அதிகம் பேர்? பதில் கிடையாது. காதுக்கு ஒழுங்காக ஒலிக்கிறது, தலைக்குள் போனதும் கரைந்துவிடுகிறது. இதே அச்சில் ரஷ்யாவைப் பற்றிய ஒரு வாக்கியம் மொழியியலாளர்களிடையே பிரபலம். 1984-இல் மரியோ மொண்டல்பெட்டி எம்.ஐ.டி.யில் எழுதிய ஆய்வேட்டின் மூலம் அது பரவியது. பின்னால் வந்த சோதனைகளில் ஒரு சுவாரசியமான விஷயம் தெரிந்தது. போவது, சாப்பிடுவது போல ஒரே ஆள் பலமுறை செய்யக்கூடிய வினையாக இருந்தால் மக்கள் இன்னும் சுலபமாக ஏமாறுகிறார்கள். ‘நான் போனதை விட அதிக முறை’ என்று மனசு தானாக ஒரு பொருளைச் செய்துகொள்கிறது. ‘பீப்பிள் ஹேவ் பீன் டு மைசூர் மோர் தேன் ஐ ஹேவ்’ என்று ‘மோர்’ இடம் மாறினால் உண்மையிலேயே அந்தப் பொருள் வந்துவிடும்.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். விட்டுப்போனதை நிரப்புவது கண்ணோ காதோ அல்ல, கேட்பவரின் நம்பிக்கை. எதிரில் இருப்பவர் ஏதோ பொருளோடுதான் பேசுகிறார் என்று நம்பித்தான் நாம் நிரப்புகிறோம். அந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. அடுத்த கேள்வி அவர்களைப் பற்றியது.

கேள்வி: விளம்பரங்களில் ‘50 சதவீதம் மோர் பவர்’, ‘பெட்டர் க்ளீனிங்’ என்கிறார்கள். எதைவிட?
— மளிகைக்கடைக்காரர், காக்ஸ் டவுன் மார்க்கெட்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ‘தேன்’ என்ற சொல்லே இல்லாத ஒப்புமை இது. முன்பாதியில் எடுத்து வைக்க ஒன்றும் இல்லை. வாசிப்பவர் போட்டிக் கம்பெனிப் பொருளை நிரப்பிக்கொள்வார் என்று எழுதியவருக்குத் தெரியும். அதே கம்பெனியின் பழைய சோப்பை விட என்பதாக இருக்கலாம். வெறும் தண்ணீரை விட என்பதாகவும் இருக்கலாம். டப்பாவின் மூலையில் நட்சத்திரக்குறி போட்டு எறும்பெழுத்தில் அச்சடித்திருந்தால் அதைப் பாருங்கள், அங்கேதான் அந்தத் ‘தேன்’ ஒளிந்திருக்கும்.

மும்பையில் 1985 முதல் இயங்கும் இந்திய விளம்பரத் தர மன்றம் இதற்கு விதி வைத்திருக்கிறது. ஒப்பிட்டு விளம்பரம் செய்தால் எதன் எந்த அம்சத்தை எதன் எந்த அம்சத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தகவல் உண்மையாகவும் நிரூபிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இலக்கண வகுப்பில் நாம் கேட்கும் கேள்வியும் அதேதான். யார் வேண்டுமானாலும் அங்கே புகார் கொடுக்கலாம். அந்த டப்பாவைக் கையில் எடுத்து விற்பவர் நீங்கள். வாங்க வருகிறவருக்கு அந்த எறும்பெழுத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: காக்ஸ் டவுன்காரர்களுக்கு ஆங்கிலம் மற்றவர்களை விட நன்றாக வரும் என்கிறார்களே?
— வாசகர், காக்ஸ் டவுன்

எந்த மற்றவர்களை விட? அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் சோப்பு விளம்பரம்தான்.

வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த பிரிட்டிஷ் படை 1809-இல் பெங்களூருக்கு மாறியது. கண்டோன்மெண்ட் வளர்ந்தபோது சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய், சமையல்காரர், கொத்தனார், குமாஸ்தா, ஒப்பந்தக்காரர் என்று தமிழர்கள் வந்து குடியேறினார்கள். 1947 வரை இந்தப் பகுதி சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று தனி நிர்வாகத்தில் இருந்தது. அதன் கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ராங்கன் காக்ஸின் பெயர்தான் நம் பேட்டைக்கு வந்தது. ஆங்கிலம் இங்கே சம்பளத்தோடு வந்த மொழி. அதனால் காதில் விழும் அளவு கூடுதல். அதனாலேயே தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயமும் கூடுதல். எனக்கு வரும் கேள்விகளில் பாதி அந்தப் பயத்திலிருந்து வருகிறது என்பது எனக்கு வருத்தம்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்புமையை எப்படிச் சொல்லித்தருவது? விதியைச் சொன்னால் தூங்குகிறார்கள்.
— பள்ளி ஆசிரியை, அல்சூர்

டீச்சர், இதற்கு உங்கள் ஊரின் பெயரையே தாங்கிய ஒரு பதில் இருக்கிறது. உலகம் முழுக்க ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்கள் அதை ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்பார்கள். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979-இல் தொடங்கி 1984 வரை நடத்தியது. 1963-இல் இங்கே தொடங்கப்பட்ட ரீஜனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷ் துணை நின்றது. பெங்களூரு, சென்னை, பிறகு கடலூர் என்று சில சாதாரணப் பள்ளிகளின் வகுப்பறைகளில், வசதி படைக்காத வீட்டுப் பிள்ளைகளோடு நடந்தது. பிரபுவின் எண்ணம் இதுதான்: பொருளைத் தேடுவதில் மனசு மும்முரமாக இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும். அதனால் விதி இல்லை, மனப்பாடம் இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்கு என்று தீர்க்க வேண்டிய புதிர்களைக் கொடுத்தார். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒன்றைத் தீர்ப்பார். பிறகு பிள்ளைகள் தனியாக இன்னொன்றை. 1987-இல் ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி’ என்ற நூலில் இதையெல்லாம் எழுதினார்.

நாளைக்கே செய்து பாருங்கள். கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுங்கள்: மார்க்கெட்டில் இரண்டு கடை. தக்காளி, பீன்ஸ், கேரட், நூக்கல் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கடையிலும் விலை போடுங்கள். சில காய் இந்தக் கடையில் மலிவு, சில காய் அந்தக் கடையில் மலிவு என்று கலந்து வையுங்கள். பிறகு ஆங்கிலத்தில் கேளுங்கள்: 100 ரூபாய் இருக்கிறது, நான்கு காயும் வேண்டும், எந்தக் கடைக்குப் போகலாம்? ஒரு பிள்ளை ‘ஷாப் டூ’ என்பான். ஏன் என்றால் ‘பீன்ஸ் சீப்பர்’ என்பான். ‘சீப்பர் தேன்?’ என்று நீங்கள் இழுத்தால், ‘ஷாப் ஒன்!’ என்று முடித்துவிடுவான். விட்டுப்போன சொல்லை அவன் தானே கொண்டுவந்து வைத்துவிட்டான். ‘பீன்ஸ் ஆர் சீப்பர் இன் ஷாப் டூ தேன் இன் ஷாப் ஒன்’ என்று நீங்கள் முழுசாகச் சொல்லிக் காட்டுங்கள், திருத்துகிற தொனி இல்லாமல். பக்கத்து ரயில் நிலையத்தில் நிற்கும் வண்டிகளின் அட்டவணை இன்னொரு நல்ல புதிர்: எது முந்தி, எது பிந்தி, எது அதிக இடங்களில் நிற்கிறது?

அந்தத் திட்டத்தை ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985-இல் மதிப்பிட்டபோது முடிவு ஓரளவுக்குச் சாதகமாகவே வந்தது. எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடவில்லை. விதியே வேண்டாம் என்ற அளவுக்கு நானும் போக மாட்டேன். எட்டாம் வகுப்பில் விதியைச் சொல்லுங்கள். அதற்குள் அவர்களுக்கு விதி தேவைப்படும் அளவுக்கு வாக்கியங்கள் சேர்ந்திருக்கும்.

கேள்வி: ‘மோர் பெட்டர்’?
— வாசகர், பென்சன் டவுன்

‘பெட்டர்’ போதும். அளவு கூட்ட வேண்டுமானால் ‘மச் பெட்டர்’.

கேள்வி: ‘நோ சூனர்’ வந்தால் பின்னால் ‘வென்’ போடலாமா?
— போட்டித் தேர்வு எழுதுபவர், லிங்கராஜபுரம்

கூடாது. ‘சூனர்’ ஒப்புமை வடிவம். அது ‘தேன்’ கேட்கும். ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’ இரண்டுக்கும்தான் ‘வென்’. போட்டித் தேர்வுகளுக்குப் பிடித்த கேள்வி இது, மறக்காதீர்கள்.

கேள்வி: ‘அவர் ஸ்கூல் இஸ் ஆஸ் குட், இஃப் நாட் பெட்டர் தேன் தெயர்ஸ்.’ சரியா?
— பள்ளி ஆண்டுமலர் ஆசிரியர் குழு மாணவி, வீலர் ரோடு

ஒரு ‘ஆஸ்’ காணோம். ‘ஆஸ் குட் ஆஸ், இஃப் நாட் பெட்டர் தேன், தெயர்ஸ்’ என்று எழுதுங்கள். ‘குட்’டுக்கு ‘ஆஸ்’ வேண்டும், ‘பெட்டர்’க்குத் ‘தேன்’ வேண்டும்; ஒன்றின் துணையை மற்றது இரவல் வாங்க முடியாது. கடைசியில் ‘தெயர்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பள்ளியோடு பள்ளியை ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு என் பாராட்டு.

கேள்வி: என் பையன் பரீட்சையில் ‘மை சிஸ்டர் இஸ் டாலர் தேன் மீ’ என்று எழுதினான். ஒரு மார்க் போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலத்தில் வாயே திறப்பதில்லை. பள்ளியில் போய்க் கேட்கலாமா?
— தையல்காரர், ஜீவனஹள்ளி

போய்க் கேளுங்கள் ஐயா. சண்டை வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள். அந்த ஆசிரியர் லௌத்தின் விதியைப் படித்து வந்தவர். அவர் சொன்னது கற்பனை அல்ல. ஆனால் இன்றைய பெரிய ஆங்கில இலக்கண நூல்கள் ‘தேன் மீ’யைத் தப்பு என்று சொல்வதில்லை. உங்கள் பையனின் வாக்கியத்தில் இரண்டு பொருளுக்கு இடமில்லை. அக்கா உயரம், அவன் குட்டை, அவ்வளவுதான். குழப்பமில்லாத ஒரு வாக்கியத்துக்கு மார்க் குறைப்பது நியாயம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பையனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். அவன் எழுதியது நல்ல ஆங்கிலம். அடுத்த பரீட்சையில் ‘தேன் ஐ ஆம்’ என்று எழுதட்டும், அந்த மார்க்கை யாரும் தொட முடியாது. வீட்டில் ‘தேன் மீ’ என்றே பேசட்டும். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் அந்த வாக்கியத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பொருள் ஒன்றே ஒன்றுதான் என்றால் மார்க்கைக் கொடுத்துவிடுங்கள்.